அப்பா காலுக்கு ஒரே மாதிரிக் கட்டு

மாடம்பாக்கம்

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மூவரும் இருக்கிறோம், நீ அந்தக் குவைத் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம். என் கையெழுத்து கோணல் என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெரூஷா எழுதுகிறாள்.

வேலையை விட்டுவிட்டு வந்து அப்பா காலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன். பல்லாவரம் தோல் கம்பெனியில் நின்று நின்று வந்த அந்தப் புண் ஏன் ஆறவில்லை என்று எங்களுக்கு ஈஸ்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. ரத்த ஓட்டத்தைச் சோதித்த டாக்டர், விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை அழுத்திக் கட்டச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வரும் நர்ஸ்களில் ரோஸி அப்படித்தான் கட்டுவார். அடுத்த முறை வரும் அருள்மேரியோ அப்பா முனகுவதைப் பொறுக்காமல் தளர்த்திக் கட்டிவிடுவார். உன் அப்பாவும் 'ரோஸி வந்தா போலீசு வந்த மாதிரி கீது, தங்கச்சி கை பூ' என்று சொல்லி அருள்மேரிக்கு மட்டும் காப்பி போடச் சொல்வார். கால் மறுபடி வீங்கி நீர் வடியும், ஆளுக்கு ஒரு மருந்து போடுவார்கள். நாங்களோ அருள்மேரி எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஆள் வந்தாலே சமையலறைக்குள் போய்விடும் ஜெரூஷா, கதவைப் பிடித்துக்கொண்டு 'ரெண்டு பேரும் வேற வேற மாதிரி கட்றீங்களே, எது சரிக்கா' என்று கேட்டுவிட்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான்தான் எழுத வைக்கிறேன். ரோஸி முறைத்தார். அருள்மேரி 'அண்ணா வலிக்குதுன்னா எனக்குக் கை வரமாட்டேங்குது' என்று கண் கலங்கினார். பிறகு ரோஸியே அவர் கைமேல் தன் கையை வைத்து எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் ஒரே மருந்து, ஒரே கட்டு. வலிக்கு டாக்டரே மாத்திரை தந்தார். இப்போது வீக்கம் வடிந்து, புண் சுருங்கி, ஓரத்தில் புதுத் தோல் தெரிகிறது. முழுக்க ஆறிய பிறகு சொல்லலாம் என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார்.

ஆகையால் புண்ணுக்காக வேலையை விடாதே. ஆனால் விமானச் சத்தம் கேட்டால் நான் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன், அது எந்த ஊர் விமானமோ. நீயும் கடையில் நின்றே வேலை செய்கிறாய், படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வை, மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. லீவு கிடைத்தால் வா கண்ணு, யாரையும் கவனித்துக்கொள்ள வேண்டாம், சும்மா என் பக்கத்தில் படுத்துக் கிட.

உன் அம்மா,
ஞானஜோதி