கையெழுத்துக்கு மேலே இருந்த காலியிடம்

உன் இரும்பு ஸ்கேல் என் மேசைமேல் கிடக்கிறது. அதன் ஓரத்தில் நீல மை. இன்று காலையில் ஒட்டிய மை. துடைக்க மனம் வரவில்லை. பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இதுவரை நான்கு முறை அதிர்ந்துவிட்டது. யாரென்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் எடுக்க வேண்டியிருக்கும்.

உனக்கென்ன, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இங்கே கிடந்து நடுங்குகிறவள் நான். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்போதே எனக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பேர் வைத்தவள் நீதானே. ஐம்பது வயது தாண்டியும் அந்தப் பேர் மாறவில்லை, நானும் மாறவில்லை. இதைப் படித்தால் இப்போதும் சிரிப்பாய். சிரி, சிரி.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் கோடு போடவும் கற்றாய். பரீட்சை எழுதி முடித்ததும் மிச்சமிருக்கும் பக்கங்களைக் குறுக்கே அடித்துவிடச் சொல்வார்கள், பிறகு யாரும் எதையும் சேர்த்து எழுதாதபடி. நாங்கள் எல்லோரும் அந்தப் பழக்கத்தைப் பரீட்சையோடு விட்டுவிட்டோம். நீ விடவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்ட பிறகும் விடவில்லை. திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பாய். கையெழுத்துப் போட அவர்கள் பேனாவை எடுத்தால், “இருங்க இருங்க” என்று தடுப்பாய். மனுவின் கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் விரல் அகலம் வெள்ளை இருந்தாலும் ஸ்கேலை வைத்து ஒரு கோடு.

“எடம் காலியா இருந்தா எவனாவது வந்து குடியேறிடுவான்” என்பாய். மெஷினிலிருந்து சூடாக விழும் காகித வாசனையோடு அந்தப் பேச்சும் எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. காதில் தங்கி என்ன செய்ய, கைக்கு வரவில்லையே.

நம் ஊர் கிராம சபை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? சாமியானா, வாடகை நாற்காலி, மைக்கில் விசில் சத்தம். பேச்சு ஆரம்பிக்கும் முன்பே ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தை ஆளுக்கு ஆள் நீட்டிக்கொண்டு வருவார். பக்கம் வெறுமையாக இருக்கும். வந்ததற்கு அடையாளமாக எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், டீ குடிப்போம், வீட்டுக்குப் போவோம். தீர்மானத்தை அவர் பிறகு ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். உன்னைத் தவிர யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதே இல்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டில் கூட எழுதியதைச் சரிபார்க்கிற ஊர் இது, இந்தப் புத்தகத்தை மட்டும் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

போன சுதந்திர தினத்தன்று அந்தச் சாமியானாவின் கீழ்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் மாத்திரை கொடுக்கும் சுகாதார நிலையத்தை ஒரு தனியார் அறக்கட்டளையிடம் நடத்தக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. சீர்திருத்தம் என்றார் ஒரு கட்சிக்காரர். ஸ்கேன் வரும், டாக்டர் எந்நேரமும் இருப்பார் என்றார். விற்பனை என்றார் இன்னொரு கட்சிக்காரர். முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கேட்பான், அப்புறம் மூச்சு விடுவதற்கும் கேட்பான் என்றார். இரண்டு பேரும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் தெரு மல்லிகாக்கா எழுந்து நின்றாள். “எம் பொண்ணு பிரசவத்துக்குப் போனப்ப டாக்டரே இல்ல. நர்சம்மா தனியாப் பாத்தாங்க, உசுரு போயி உசுரு வந்துச்சு. டாக்டர் இருப்பாருன்னா வரட்டுமே, யாரு வந்தா இன்னா?”

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. உள்ளே வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? நீயும் அவளை மடக்கிப் பேசவில்லை.

“வரட்டும்க்கா, நான் வேணாம்னு சொல்லல. உம் பொண்ணு அடுத்த பிரசவத்துக்குப் போனா காசு கேப்பாங்களா, மாட்டாங்களா? டாக்டர் வரலன்னா யாரைப் போய்க் கேக்கறது? அதெல்லாம் ஒப்பந்தத்துல எழுதியிருக்கும். அதை இங்க படிச்சுக் காட்டச் சொல்லு. நல்லா இருந்தா நானே கை தூக்கறேன்.”

“அதெல்லாம் மேல கீதும்மா. நமக்கு வரல” என்றார் ஊராட்சித் தலைவர்.

நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய். “உள்ள இருக்கறவ நீ சொல்லுடி. உங்களுக்காவது யாராச்சும் காட்டினாங்களா?”

மொத்தச் சாமியானாவும் என்னைப் பார்த்தது. யாரும் காட்டவில்லை. அதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் என் வேலை பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை. ஒரு தடவை புதுப்பிக்காமல் விட்டால் காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடம் ஆகிறது. “எனக்குத் தெரியாது” என்றேன். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தேன். வாயில் ஒன்றும் இல்லை.

அதற்குள் சுற்றிக்கொண்டிருந்த புத்தகம் உன்னிடம் வந்தது. வழக்கம்போல வெற்றிடத்தைக் குறுக்கே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். செயலர் முகம் சுளித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார், புத்தம் புதுப் பக்கம். என்னிடம் நீட்டினார். “மருந்தம்மா, நீங்க போடுங்க. கவர்மெண்ட்டு ஆளு நீங்க.” அவருடைய விரல் பக்கத்தின் பாதிக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியது. ஏன் மேலே போடச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதே ஒழியக் கேட்கவில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டு அந்தப் பக்கத்தின் நகலை நீ வாங்கியபோது மழைக்காலம் வந்துவிட்டது. மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியாக அதை என்னிடம் நீட்டினாய். ‘விரிவாக விவாதிக்கப்பட்டு ஒரு மனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ அதற்கு நேர்கீழே என் கையெழுத்து. மற்றவர்களுடையதெல்லாம் எனக்குக் கீழே.

நீ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “உங் கையெழுத்து இன்னும் அழகாத்தாண்டி கீது” என்றாய். அடிப்பாவி, அந்த ஒரு வார்த்தையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பிறகு உன் பையிலிருந்து இந்த ஸ்கேலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாய். “ஒரே ஒரு தாள் எழுதிக் குடு. நான் போட்டப்ப அந்தப் பக்கம் காலியா இருந்துச்சுன்னு. அவ்ளோதான். எழுதிட்டு மறக்காமக் கீழ கோடு போடு.”

“நாளைக்கு” என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை நாளைக்கு!

அந்த வாரமே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் அதே ஜன்னலுக்கு வந்தார். கையில் மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. நம் ஊர்க்காரரும் இல்லை. “நல்லா இருக்கீங்களாம்மா? வீட்டுக்காரர் எப்டி கீறாரு? வேலையெல்லாம் பத்திரமாப் பாத்துக்கங்க” என்றார். குரல் அவ்வளவு மரியாதையாக இருந்தது. அவர் பைக்கில் ஏறிப் போன பிறகு ஒரு பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக வேறு மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டேன். நல்லவேளை, நிறத்தைப் பார்த்து அந்த அம்மாவே திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து சீட்டை மூன்று தடவை படிக்கிறேன். பைக் சத்தம் கேட்டாலே ஜன்னலை விட்டு ஒதுங்கி நிற்கிறேன்.

உன்னை நான் கடைசியாகப் பார்த்தது தீபத்தன்று. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் எங்கள் முகாமில் கால் வலிக்குத் தைலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து செருப்பில்லாமல் நீ வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். உள்ளங்காலெல்லாம் கருத்திருந்தது. நான் தைலம் ஊற்றினேன், நீயே தேய்த்துக்கொண்டாய்.

“எழுதிட்டியா?”

“தீபம் முடியட்டும்டி. ஒரு வாரமா கேம்ப் டியூட்டி, பேனா பிடிக்கக் கூட நேரம் இல்ல.”

மலைமேல் தீபம் தெரிந்தது. பாதை முழுக்க ஜனங்கள் கையைத் தூக்கிக் கூவினார்கள். நீயும் எழுந்து கும்பிட்டாய். உட்காராமலேயே குனிந்து என் காதருகே சொன்னாய். “தீபம் முடிஞ்சிடும். அப்புறம் இன்னா சொல்லுவ?”

அதற்குப் பதில் யோசிக்க எனக்கு நீ நேரம் கொடுக்கவில்லை. மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, கடையில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். ஆட்டோவில் ஏற்றும்போதே மூச்சு இல்லையாம். இதயம்தான் என்றார்கள், வேறொன்றும் இல்லை என்றார்கள். நம்புகிறேன். ஆனாலும் உன் வீட்டுக்கு வந்து உன் காலடியில் நின்றபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இனி யாரும் என்னிடம் அந்தத் தாளைக் கேட்க மாட்டார்கள் என்று. அப்பாடா என்றிருந்தது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. என்னைத் திட்டு.

நீ விடுகிறவளா? தீர்மானம் பொய் என்று நீ கலெக்டருக்குப் போட்டுவிட்டுப் போன மனுவுக்கு, நீ போய் இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தீர்மானத்தைக் குடியரசு தினக் கிராம சபையில் மறுபடியும் படித்து ஒப்புதல் வாங்க வேண்டுமாம். அது இன்றைக்குத்தான்.

போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஜுரம் என்று சொல்லலாம் என்று காலையில் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. கடைசியில் போனேன். கைப்பையில் ஸ்கேல் இருந்தது. ஜன்னலில் நீ வைத்த நாளிலிருந்து அதிலேயேதான் இருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர் சாமியானாவின் ஓரத்தில் பைக்கில் சாய்ந்து நின்றார். கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். செயலர் புத்தகத்தை விரித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். திரும்பவும் வெறும் பக்கம். நீ போய்விட்டாய் என்பதால் அவர்களுக்குப் பழைய தைரியம் வந்திருந்தது.

“மருந்தம்மா, மொதல்ல நீங்க.”

ஸ்கேலை எடுத்தேன். பக்கத்தின் மேல் மூலையில் வைத்தேன். குறுக்கே இழுத்தேன், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடே கோணலாகப் போனது.

“இன்னாம்மா பண்றீங்க?”

“கோடு போடறேன்.” அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. மைக் இல்லாமலே என் குரல் கிறீச்சென்று வந்தது. “போன தடவ நான் கையெழுத்துப் போட்டப்ப அந்தப் பக்கத்துல ஒரு எழுத்து கூட இல்ல. காலியாத்தான் இருந்துச்சு. ஒப்பந்தத்த எங்களுக்கும் யாரும் காட்டல. ஒரு மனதான்னு நான் சொல்லவே இல்ல.”

மல்லிகாக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப எம் பேரையும் சேர்த்து எவன் எழுதினான்?” அவள் வந்து என் கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்கினாள். “வரட்டும்னு நான்தான் சொன்னேன். இன்னும் சொல்றேன். ஆனா என்னாண்ட கேக்காத எழுதுவீங்களா?” என்று அடுத்த வெறும் பக்கத்தை அவளும் குறுக்கே அடித்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். வேறு வழியில்லாமல் செயலர் அங்கேயே உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி படித்துக்கொண்டே எழுதினார்: ஒப்பந்த நகலைச் சபையில் வைத்த பிறகே முடிவு. அதன் கீழே கையெழுத்துப் போட்டோம்.

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. நகல் வருமோ வராதோ. வந்தால் நல்லதாகவே கூட இருக்கலாம், மல்லிகாக்காவின் பெண்ணுக்கு டாக்டர் கிடைக்கலாம். எனக்கு வேலை இருக்குமா என்பது அடுத்த மாதம் தெரிந்துவிடும், பதினோரு மாதம் அப்போது முடிகிறது. கூட்டம் கலையும்போது வெள்ளைச் சட்டைக்காரர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். “பாத்துப் போங்க, மருந்தம்மா” என்றார் சிரித்துக்கொண்டே. வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டவள்தான். உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர், “யாரு போன்?” என்று குழறிக் கேட்கிறார். “ராங் நம்பர்” என்கிறேன்.

தைரியம் வந்துவிட்டதா என்று கேட்காதே. வரவில்லை. இதை எழுதும்போதும் தெருவில் பைக் போனால் பேனா நிற்கிறது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஸ்கேல்தான். பயம் என் சொந்தச் சொத்து. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நாளைக்கும் அந்த ஜன்னலில் போய் உட்காருவேன்.

தாளில் இன்னும் அரைப் பக்கம் மிச்சமிருக்கிறது. உன் பழக்கம் தொற்றிக்கொண்டதோ என்னவோ, இப்போதே ஸ்கேலைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகு வைத்துவிட்டேன். இங்கே கோடு போடப் போவதில்லை. அரைப் பக்கத்தை அப்படியே விட்டு, அடியில் என் கையெழுத்தை மட்டும் போடுகிறேன். என்னைப் பற்றி நீ எழுத வேண்டியதையெல்லாம் எழுதிக்கொள். எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.