ஏழாவது ஷரத்தில் ஓர் ஒற்று

ஜூன் 3

அன்புள்ள எதிர்த்தரப்புக்கு,

நேற்று மூன்று மணி நேர விவாகரத்துப் பேச்சுவார்த்தைக்குப் பின் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எட்டப்பட்டது: சுவர்க்கடிகாரம் உனக்கு, அது தொங்கும் ஆணி எனக்கு. மத்தியஸ்தர் அம்மாள் அதை எழுதி, அடியில் கோடும் போட்டார். கோர்ட்டுக்குப் போயிருந்தால் ஆணிக்கு மட்டும் நாலு வாய்தா ஆகியிருக்கும்.

வாலு விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. உன்னிடம் இருப்பாள், சனிக்கிழமைகளில் என்னிடம் வருவாள். என் நிபந்தனை ஒன்றே ஒன்று. உன் அக்கா கடல் கடந்து மூக்குக்கண்ணாடிக் கடை திறந்து உன்னையும் கூப்பிடுவது எனக்குத் தெரியும். ஆகவே ஏழாவது ஷரத்து: 'தாயும் தந்தையும் சம்மதித்தால் மட்டுமே மகளை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லலாம்.' நான் சம்மதிக்கப் போவதில்லை. அவசரமும் இல்லை. அவளுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

மூன்று நாளாகப் பள்ளிக்கு எதிரே நின்று பார்க்கிறேன். வாலு யாரிடமும் பேசுவதில்லையே, ஏன்?

இப்போதைக்கு,
உன் கணவன்

ஜூன் 9

மதிப்பிற்குரிய பிழைதிருத்துநருக்கு,

இருவரும் நலம். ஏன் என்று கேட்டிருந்தீர்கள். 'நாளைக்கி வரேம்ப்பா' என்றவளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, 'நாளைக்கு வருகிறேன் அப்பா' என்று பதினோரு முறை சொல்ல வைத்தீர்கள். ஆறிப்போன தட்டை எடுத்தவள் நான். அதன்பிறகு அவள் எதையும் எழுதித்தான் காட்டுகிறாள். போன சனிக்கிழமை உங்களிடம் காட்டிய துண்டுச்சீட்டும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஞாயிறு முழுக்க அவள் எழுதவும் இல்லை.

மத்தியஸ்தரின் டைப்பிஸ்ட் லீவு. ஒப்பந்தத்தை நானே அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். இத்துடன் இருக்கிறது. என் தமிழ் உங்களுக்குத் தெரியும், ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும்போது ஒன்று கவனித்தேன். கடைசி வரிசைப் பொடி எழுத்தைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டவர்கள், 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா' என்று எழுந்துவிடுகிறார்கள். மேல் வரிசையை யாரும் படிப்பதே இல்லை.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

ஜூன் 12

அன்புள்ள எதிர்த்தரப்புக்கு,

நான்கு பக்கத்தில் முப்பத்தொரு பிழை. அதில் இருபத்தெட்டு, விட்டுப்போன ஒற்று. கையால் எழுதும்போது ஒற்று விடாதவள் டைப்பில் இப்படி விடுவாய் என்று நினைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதே.

ஏழாவது ஷரத்திலேயே 'அழைத்து செல்லலாம்' என்றிருக்கிறது. 'ச்' போட்டிருக்கிறேன். மற்றபடி அந்த வரி குற்றமற்றது. ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அச்சகத்தில் சொல்லிச் சிரித்தோம்: 'எங்க வீட்டுல ஒற்று இருக்கு, மை இருக்கு, ஒற்றுமைதான் இல்ல.'

இன்னும் சில நாளைக்கு,
உன் கணவன்

ஜூன் 20

மதிப்பிற்குரிய பிழைதிருத்துநருக்கு,

உங்கள் திருத்தங்களில் ஒன்றைக்கூட விடாமல் சேர்த்தேன். நேற்று மத்தியஸ்தர் அம்மாள், 'கையெழுத்துக்கு முன்னால ஒருதடவ வாசிச்சிடட்டுமா?' என்றார். 'நான் பாத்துட்டேம்மா. அதுக்கப்புறம் யாரும் பாக்க வேண்டியதில்ல' என்றீர்கள். 'கோர்ட் முத்திரை விழுந்துட்டா அப்பீல் கிடையாது' என்று அவர் சொன்னதற்கும் நீங்கள்தான் முதலில் தலையாட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாலு வாய்திறந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: 'எப்பம்மா?' நான் திருத்தவில்லை.

உறைக்குள் ஆணி இருக்கிறது. கையில் குத்திக்கொள்ளாமல் எடுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

ஜூலை 15

வாலுவின் அம்மாவுக்கு,

சனிக்கிழமை மூன்று முறை வந்தேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடிகாரம் இருந்த இடம் மட்டும் வட்டமாக, அழுக்கில்லாமல் இருந்தது. எதிர்வீட்டு அம்மாள், 'அம்மாவும் பொண்ணும் வெளிநாட்டுல இருக்கிற அவங்க அக்காகிட்டயே போயிட்டாங்களே. ஒருத்தர் சம்மதிச்சா போதும்னு பேப்பர்லயே இருக்காமே?' என்றார்.

இல்லை என்று அவரிடமே படித்துக் காட்ட ஒப்பந்தத்தை எடுத்தேன்.

'தாயோ தந்தையோ சம்மதித்தால் மட்டுமே மகளை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லலாம்.'

'ச்' இருக்கிறது.

மத்தியஸ்தர் அம்மாளிடம் போனேன். அவர், 'தாயோ தந்தையோ' வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் நான் 'சரி' போட்ட தாளைக் கோப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. வேறு முகவரி தெரியாததால், பூட்டிய வீட்டுக்கே இதைப் போடுகிறேன்.

இன்று பள்ளியில் விசாரித்தேன். வாலுவின் மாற்றுச் சான்றிதழை முதல் தேதியே வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.