பயந்தவர் என்று எழுத நினைத்தேன்

மார்ச் 3, திங்கள்
முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் கை தானாகச் செய்கிறது. ஷிப்ட் முடியும்போது ஆங்கிலத்தில் எழுதும் நாலு வரி அறிக்கைதான் உயிரை வாங்குகிறது. இன்று டிரைவர் ஐயாவைப் பற்றி. பஸ் ஓட்டியவர். குளிக்கக் கூட்டிப்போனாலே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். பயந்திருக்கிறார் என்பதற்கு 'ஃபிரைட்டனிங்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4
இடுப்பு வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி
டிரைவர் ஐயா மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார். ஊட்டினால் வாயிலேயே நிற்கிறது. மகன் வந்து, "அப்பா, நான்தான்பா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் புது மாத்திரை எழுதியிருக்கிறாராம். தலைமை நர்ஸிடம் ஏன் என்று கேட்டேன். "அவரப் பாத்தா மத்தவங்க பயப்படுறாங்கன்னு அறிக்கையில இருந்துச்சே."
யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 8
நான் எழுதிய வார்த்தையை மகளிடம் கேட்டேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடியே சொன்னாள்: "ஃபிரைட்டண்ட்னா அவரு பயந்திருக்காரு. ஃபிரைட்டனிங்னா அவரு மத்தவங்களப் பயமுறுத்துறாரு. வாலுதாம்மா வித்தியாசம்."
வாலுதான். அதுல ஒரு மனுஷன கட்டிப் போட்டுட்டேனே. சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா — அவரு பாட்டுக்குத் தூங்குவாரு, எனக்கும் சௌகரியம்தான். இப்படிக்கூட நினைச்சேன். எழுதவே கூசுது.

மார்ச் 10, திங்கள்
சொல்லிவிட்டேன். தலைமை நர்ஸ் என் அறிக்கைத் தாளை எடுத்துப் பார்த்தார்.
"இத்தன நாளா எழுதினதெல்லாம் இப்படித்தானா?"
"தெரியல சிஸ்டர்."
உண்மையிலேயே தெரியவில்லை. ஏழு வருடம். இன்னும் எத்தனை பேரோ.

மார்ச் 12
மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். என்னைச் சலவை அறைக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறையும். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. பேசத் தெம்பில்லை.

மார்ச் 19, புதன்
டிரைவர் ஐயா இன்று உட்கார்ந்து சாப்பிட்டாராம். மகனைப் பார்த்து, "மொதல்ல தாடிய எடுடா" என்று திட்டினாராம். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் படியிறங்கி வந்து சொன்னாள். சொல்லிவிட்டும் போகாமல் நின்றாள். கையில் அறிக்கைத் தாள்.
"அக்கா, ஜன்னலோரக் கட்டில்ல இருக்கிற அம்மா போரிங்கா, போர்டா?"
"யாருக்குச் சலிப்பு? அவங்களுக்கா, உனக்கா?"
யோசித்தாள். "ரெண்டு பேருக்குந்தான்."
மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கீழே வைத்தேன்.
"போர்டுன்னு எழுது, அவங்க சலிச்சுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். அவங்களுக்கு என்னங்கிறத மட்டும் எழுது. நமக்கு என்னங்கிறத எழுத அதுல இடமில்ல."