கரும்புத் தொட்டிலின் மறுமுனை

அன்னவாசல்,
மாசி 22

அன்புமொழியின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாப்பா நலம். அடைக்கலம் அண்ணன் நாளை மறுநாள் சிங்கப்பூர் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது.

இந்தப் பங்குனித் திருவிழாவுக்கும் லீவு கிடைக்காது, கரும்பில் சேலையால் தொட்டில் கட்டிப் பாப்பாவைக் கிடத்தி, ஒரு முனையைத் தம்பி சந்தோஷ் தோளில் கொடுத்து, மறுமுனையை நீ சுமந்து, நார்த்தாமலையில் தொட்டில் வேண்டுதலை முடித்துவிடு என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். முடியாது என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டீர்கள். ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை, வேண்டுதலை மறப்பேனா? என் இடது தோள் போய்விட்டது. அதைத்தான் உங்களிடம் மறைத்தேன்.

இரண்டு மாதமாகத் தலை பின்ன முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. புதுக்கோட்டையில் சிவரஞ்சனி என்று ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். புள்ளையை எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்க என்றார். எந்நேரமும் இடது இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சோறு வடிப்பேன், தண்ணீர் பிடிப்பேன் என்றேன். நீங்கள் வீடியோ காலில் "தூக்கிக் காட்டு, முகம் தெரியல" என்பீர்களே, அப்போது ஒரு கையில் போனும் ஒரு கையில் பிள்ளையுமாக உயர்த்துவதையும் செய்து காட்டினேன். பன்னெண்டு கிலோ புள்ள, ஒங்க கை என்ன கிரேனா என்று திட்டினார்.

கையை நீட்டிக் குனிந்து தூக்கக் கூடாதாம். முட்டியை மடக்கி உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையாலும் தூக்கி எழ வேண்டுமாம். இடுப்பை மாற்றி மாற்றி வைக்க வேண்டுமாம். இப்போதைக்கு ஆறு வாரம் தூக்கவே கூடாது. வெந்நீர் ஒத்தடமும், சுவரில் விரலால் மெல்ல மேலே ஏறும் பயிற்சியும் தினம் நடக்கின்றன. தூக்காமல் இருப்பதுதான் ஆகிற காரியமாக இல்லை. அவள் கையை விரித்துக்கொண்டு வருவாள். நான் தரையில் உட்கார்ந்து மடியில் ஏறிக்கொள் என்பேன். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு செவந்தி அக்காவிடம் கையை நீட்டினாள். பொறுக்காமல் நானே வாங்கித் தூக்கிவிட்டேன். அன்று முழுக்கக் கை விளங்கவில்லை.

அலுத்துவிட்டதுங்க. வேலைக்கு அலுக்கவில்லை, ஒற்றையாகச் செய்வதற்கு அலுத்துவிட்டது.

தோள் எப்படியும் ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். அப்போதும் உங்கள் தம்பி சந்தோஷோடு தொட்டில் எடுக்க மாட்டேன். அவர் தங்கமான பிள்ளை, அவர்மேல் ஒரு குறையும் இல்லை. வேண்டிக்கொண்டபோது என் பக்கத்தில் நின்று அழுதது நீங்கள். பாப்பாவின் கால் தரையில் இழுபடும் அளவுக்கு வளர்ந்தாலும் சரி, நீங்கள் வந்தே எடுப்போம்.

வெயிலில் நிற்காதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நார்த்தாமலை முத்துமாரி உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும். வேண்டுதல் தாமதமாவதை அவள் பொறுத்துக்கொள்வாள். நான் இன்னும் எத்தனை நாள் பொறுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்துவிடுங்கள்.

உங்கள்
பிரகதீஸ்வரி