ஓடிப்போனவனின் தம்பி

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். ஒத்தக்கடை பஸ் நெரிசலில் செருப்பு வார் அறுந்து, பின்னூசி குத்திக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இந்த செமஸ்டர் எனக்கு விழுந்திருப்பது, அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து மீண்டவர்கள் எழுதிய சுயசரிதைகள். எங்கள் துறையில் அதற்கு 'அழுகாச்சிப் பேப்பர்' என்று பெயர். வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் அப்பா கேட்டார், "என்னத்த தாயி இப்படி உர்ருனு படிக்கிற?" அரைப் பக்கம் தமிழில் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அம்மா போனபிறகு எங்களோடு கே.கே. நகரில்தான் இருக்கிறார். பள்ளிக்கூட வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்த மனுஷன். சீரியலை நிறுத்திக் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

ஜனவரி 23

தினமும் கேட்கிறார். இன்று ஒருவர், தான் பிறந்த தேதி தனக்குத் தெரியாது என்று எழுதியதைச் சொன்னேன். "எனக்கு மட்டும் தெரியுமாக்கும். வாத்தியாரு போட்டுவிட்ட தேதிதான்" என்றார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படிப்பதை வாசலில் நின்று கேட்ட கதைக்கு, "அந்த ஊர்லயும் இப்படித்தானா" என்று மட்டும்.

சின்ன வயதில் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு வேலைக்கு இருந்தார் என்று தெரியும். கூலி கிடையாது, கஞ்சியும் வருஷத்துக்கு ஒரு வேட்டியும். எங்கள் வீட்டில் அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவோம். 'பண்ணைக்கு இருந்தேன்', அம்புட்டுத்தான். அவர் கால் விந்தி நடப்பதற்கும் ஒரு வரி உண்டு: புளியமரத்திலிருந்து விழுந்தது.

ஜனவரி 27, திங்கள்

வகுப்பில் தப்பித்துப் போகும் அத்தியாயம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. சினிமா மாதிரி இருக்கு மேடம் என்றாள் முத்துமீனா. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். யார் உதவினார்கள் என்று தப்பித்து வந்தவர் எழுதவே இல்லை, எழுதினால் அவர்களுக்கு ஆபத்து என்று விளக்கினேன்.

வீட்டில் அதையே அப்பாவுக்குச் சொன்னேன். "வெவரமான ஆளு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் போன மறுநாளு வீட்ல இருந்தவுகள என்ன செஞ்சாகனு போட்டுருக்கா?"

புரட்டிப் பார்த்தேன். இல்லை.

"இருக்காது. ஓடுனவனுக்கு எப்படித் தெரியும்."

தடியை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டார். தோசையை மூடி வைத்தேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 28

கதை சொல்லட்டுமா என்றால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். புத்தகம் வேண்டாமாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தங்கப்பொண்ணு அத்தையைப் பார்க்க ஊருக்குப் போய்வந்தேன். அப்பாவின் தங்கை. அப்பா சொல்லாததைச் சொல்ல இந்த உலகத்தில் அவர் ஒருத்திதான் மிச்சம். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

அப்பாவுக்கு ஓர் அண்ணன். ஆண்டி. எனக்குப் பெரியப்பா. அப்படி ஒருத்தர் இருந்தார், இளவயதில் செத்துப்போனார் என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். சாகவில்லை. பண்ணையை விட்டு ஓடினார். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். போகிற இடத்தை அண்ணன் இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"மறுநாளு களத்துல போட்டு அடிச்சாகத்தா. எங்கடா போனான், எங்கடா போனான்னு. உங்கப்பன் வாயத் தொறக்கல. உலக்கையால முட்டியில ஒரு போடு. வைத்தியம் பாக்கக்கூட விடல." அத்தை இதைச் சொல்லும்போது மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

பிறகும் பண்ணைக்காரர்கள் தேடுவதை விடவில்லை. அதனால் அண்ணன் தம்பியைப் பெற்ற மகராசி ஒரு வேலை செய்திருக்கிறாள். கம்பத்தில் மகன் காய்ச்சலில் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்து, ஊரைக் கூட்டிக் கருமாதி செய்துவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. மொட்டை போட்டு, கால் கட்டோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தது அப்பா. அதன்பிறகுதான் தேடுவதை விட்டார்கள். அண்ணன் வேலைக்குத் தம்பியை வைத்துக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த ஆள் திரும்ப வாசப்படி ஏறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அவரும் வரவில்லை. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் வேலை பார்த்து, குடும்பமாகி, இன்னமும் இருக்கிறார். அத்தை மகன் முத்துக்குமரனிடம் நம்பர் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அத்தை கையைப் பிடித்துச் சொன்னார்: "அங்க பேசுனா காலு விசயம் மட்டும் வாயில வரக்கூடாது. உங்கப்பன் என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கான்."

சரி என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 3

எழுதவே கை வரவில்லை.

மதிய இடைவேளையில் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னதும் அழுதார். அப்புறம் சிரித்தார். தப்பித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சந்தைக்கு வந்த மாட்டு லாரியில் மாட்டோடு மாடாக நின்றது, கம்பத்தில் இறங்கி மலைப்பாதை ஏறியது, அட்டை கடித்தது. குரலில் அம்புட்டு சந்தோஷம். "கருமாதி செஞ்சுல்ல ஏமாத்திப்புட்டோம்! அவிங்களால ஒரு மயிரையும் புடுங்க முடியல, பாத்துக்க. தம்பி கெட்டிக்காரன். எப்படி இருக்கான்?"

வகுப்பில் எல்லாரும் ரசித்த அதே அத்தியாயம். முந்தாநாள் வரை நானும் ரசித்ததுதான். எனக்கு என்ன வந்தது? "ஏமாத்தலை பெரியப்பா. நீங்க போன மறுநாளே எங்கப்பா முட்டியை உடைச்சுட்டாங்க. அன்னைக்கிருந்து நொண்டுறாரு" என்றேன்.

எதிர்ப்பக்கம் யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

அத்தை சொல்லித்தானே அனுப்பினார்? ஏண்டி சரண்யா, உனக்கு வாயா அது?

பிப்ரவரி 5

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"வண்டிப்பெரியாறு எனக்குத் தெரியாத ஊரா? நாலு மணி நேரம். போகத் தெரியாமலா இருந்தேன்?" என்றார். "நான் போனா இந்தக் காலு கூடவே போகும்ல. பாத்தான்னா அவனுக்குத் தெரிஞ்சிரும். நம்ம வீட்ல ஒருத்தனாவது முழுசாத் தப்பிச்சான்னு இருக்கட்டும்னுதான் போகல."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அறுபது வருஷம் அண்ணனைப் பார்க்காமல் காத்துவைத்ததை நான் ஒரு மதிய இடைவேளையில் உடைத்துவிட்டேன். நியாயம் பேசுகிறேன் என்று நினைப்பு வேறு.

பிப்ரவரி 9

பெரியப்பா மகன் ராஜபாண்டி அண்ணன் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. "அப்பா சோறு எடுக்க மாட்டேங்குறாரும்மா. 'அவன அடிச்சிருக்காங்கெ, அவன அடிச்சிருக்காங்கெ'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. ஏற்கெனவே நெஞ்சு சரியில்ல."

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். எல்லாம் கேட்டது.

பிப்ரவரி 12

மொட்டைமாடியில் தொப் தொப் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. முட்டியை கிரேப் பேண்டேஜால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, தடியில்லாமல், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறார். காலை இழுக்காமல் வைத்தால் உயிர் போகிற வலி என்று எனக்குத் தெரியும். சட்டை நனைந்திருந்தது.

"நேரா வருதா பாரு தாயி."

வருதுப்பா என்றேன்.

பிப்ரவரி 15, சனி

போய் வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர்தான் கார் ஓட்டினார். தேனி தாண்டியதிலிருந்து அப்பா முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். குமுளி மலையில் எனக்குத்தான் வாந்தி.

வீடு எஸ்டேட் தொழிலாளர் லைன் வரிசையில் கடைசி. காரை வாசலுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார் அப்பா. தடியை என் மடியில் வைத்தார். "இது கார்லயே கெடக்கட்டும்."

பெரியப்பா வாசல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பிடி உடம்பு. கார்ச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினார். அப்பா இறங்கினார், வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டார், நடந்தார். முற்றம் பெரிசில்லை. ஆனால் இவ்வளவு நேராக அவர் நடந்து என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. பின்னால் போன எனக்கு அவர் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. அண்ணனுக்கு முகம்தான் தெரிந்திருக்கும். முகத்தில் சிரிப்பு வைத்திருந்தார்.

"அண்ணே."

"நல்லாத்தானடா நடக்குற."

"எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன்."

"இந்தப் புள்ள என்னமோ சொல்லுச்சே."

"அது படிச்ச புள்ளண்ணே. பொஸ்தகத்துல இருக்குறவுகளையும் நம்மளையும் சேத்துப்போட்டுக் கொழப்பிக்கிரும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். "ஆமா பெரியப்பா. தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, அடக் கிறுக்கு என்றார். மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். மாட்டு லாரிக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்பா, அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது கூடலூர் வரைக்கும் அப்பா காரில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு முனகினார்.

பிப்ரவரி 18

முட்டி பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. தெருமுனை கிளினிக் டாக்டர், இந்த வயசில் யார் இவரை இப்படி நடக்கவிட்டது என்று என்னைச் சத்தம் போட்டார். இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்கிறார்.

வகுப்பில் அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எழுதி வாருங்கள் என்றேன். அது புத்தகத்தில் இல்லையே மேடம் என்றாள் முத்துமீனா. ஆமாம்மா, இல்லை என்றேன்.

மார்ச் 6, வியாழன்

விடிகாலையில் ராஜபாண்டி அண்ணன் போன். பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த மூன்று வாரமும் நன்றாகச் சாப்பிட்டாராம். லைன் வீட்டில் யார் வந்தாலும், 'எந்தம்பி வந்துட்டுப் போனான், என்னைய விட நல்லா நடக்குறான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாராம்.

கேதத்துக்கு என் வீட்டுக்காரரும் அத்தையும் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அப்பாவைக் கட்டிலிலிருந்து நகர்த்த முடியாது. நான் பக்கத்தில் இருக்கிறேன். ராஜபாண்டி அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நம்பிட்டானா?"

"நம்பிட்டாருப்பா."

காபி கொடு என்றார். ஆற்றிக் கொடுத்தேன்.