என் வாயில் வைத்த சொல்

அளவற்ற அருளாளனின் பெயரால்.

ஜெர்மனியில் இருக்கும் என் மகள் இப்திஸாமுக்கு, உன் வாப்பா அப்துல் மவ்ஜூத் தன் கையாலேயே எழுதுவது. உனக்கு ஸலாம். உன் உடம்புக்கும் கண்ணுக்கும் சுகம் உண்டாகட்டும். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி கோபம்.

ஆமாம், என் கையால்தான். இளைஞர் மன்றத்தில் சாயங்காலம் நடக்கும் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கப் பழகிவிட்டேன். பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஏறாமல் நின்று சிரிக்கிறேன். நடத்துநர் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறான். மேலே உன் பெயரை எழுதியதும் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் முதல் கடிதமே சண்டைக் கடிதமாகிவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

பெருநாளுக்கு நீ வரப்போவதில்லை என்று உன் தங்கை ஸமாஹ் சொன்னாள். "'அவ என் மகளே இல்ல, என் வாசல மிதிக்கக் கூடாது'ன்னு வாப்பா சொல்லிட்டாராமே, இனி எந்த முகத்தோட வருவேன்?" என்று கேட்டு நீ அழுதாயாம். வாப்பா அப்படிச் சொல்லவில்லை என்று அவள் சத்தியம் செய்தும் நம்பவில்லையாம். அவள் தன் தொலைபேசியை என் காதில் வைத்தபோதோ, என் குரல் கேட்டதும் நீ துண்டித்துவிட்டாய்.

நான் அதைச் சொல்லவில்லை. தூக்கத்தில்கூடச் சொல்லவில்லை.

அங்கே நீ பேசிய அந்த வீடியோ வந்த நாளிலிருந்து தெருவில் ஒரே பேச்சு என்பது உண்மை. பெண்களைப் பற்றி நபியவர்கள் சொன்னதாக வரும் ஒரு ஹதீஸைச் சொல்லி, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அதன் அறிவிப்பு வரிசைகள் எல்லாம் பஸ்ரா ஊரில் ஒரே ஒரு மனிதரிடம் போய்ச் சேருகின்றன, அவர் நபியவர்களுக்கு நூறு வருடம் பிந்தியவர், அவருக்கு முன்னால் யாருக்கும் அது தெரிந்ததாகத் தடயம் இல்லை என்று நீ பேசினாய். நீ முதலில் நபியவர்களை வாழ்த்தி ஸலவாத்துச் சொன்ன இடத்தை எவனோ வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான். புதிய இமாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உன் பெயரைச் சொல்லாமல் உன்னைத் திட்டினார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் சொன்னதாக ஊரே சொல்லும் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். முடிவெட்டும் ஷஅபானின் கழுத்துத் துணியைப் பிடித்தேன். "கோவிச்சுக்காதீங்க ஹாஜி, நீங்க அழுதுக்கிட்டே சொன்னீங்கன்னு காப்பிக்கடை ஸையித்தான் சொன்னான்" என்றான். ஸையித் என்னைக் கட்டிப்பிடித்து, "மகளோட போட்டோவையே எரிச்சீங்களாமே! உம்மு ஜாபிர் சொல்லுச்சு. ஆம்பளைன்னா நீங்கதான்" என்று காசு வாங்காமல் காப்பி கொடுத்தான். நான் குடிக்கவில்லை. அவித்த பயறு விற்கும் உம்மு ஜாபிரோ என்னையே அதட்டினாள். "நீ சொல்லலேன்னு சொல்லாதே ஹாஜி! எனக்குச் சொன்னவன் ஒரு நாள் விடியக்கால சுபுஹுத் தொழுகைய விட்டதில்ல. அவன் பொய் சொல்ல மாட்டான்."

பள்ளிவாசலில் கேட்டேன், மாவு ஆலையில் கேட்டேன். எந்தப் பக்கம் போனாலும் அந்தத் தொழுகையாளியின் கடை வாசலில்தான் போய் நின்றேன். அவன் உன் அண்ணன் ஃபத்ஹி.

நல்லவன்தான். தராசில் ஒரு கடுகு குறைத்தவன் இல்லை. அவனைப் பார்த்து, "நான் எப்படா சொன்னேன்?" என்று கேட்டேன். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "நீங்க சொல்லல வாப்பா. ஆனா உங்கள மாதிரி தீன்ல, மார்க்கத்துல உறுதியான மனுசன் வேற என்ன சொல்லுவார்? நீங்க சொல்ல வேண்டியதத்தான் நான் சொன்னேன். உங்க மானத்த நான்தானே காப்பாத்தினேன்!" என்றான். என் செருப்பு அவன் தோளில் பட்டது. தலைக்குத்தான் எறிந்தேன்.

மகளே, எழுதும்போதே பேனா தாளைக் கிழித்துவிட்டது. பொறுத்துக்கொள்.

நீ சொல்வதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்காதே. நபியவர்களின் பெயரைக் கேட்டால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. நீ ஒன்றை அவர்கள் சொன்னதல்ல என்றால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த பஸ்ராக்காரர் எப்படிப்பட்டவரோ, எனக்குத் தெரியாது. ஃபத்ஹியை வைத்து அவரை எடைபோட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் உன்மேல்தான் எனக்குப் பெரிய கோபம். செத்து ஆயிரம் வருடமான மனிதர்கள் பேசியதைக்கூட, யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார் என்று துருவுகிறாய். உன் வாப்பா சொன்னதாக ஒன்று வந்ததும் அப்படியே விழுங்கிவிட்டாயே! ஒரு கேள்வி கேட்டாயா? உன்னைத் தோளில் சுமந்தவனுக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

இப்போது நீ இந்தக் கடிதத்தையும் சந்தேகப்படுவாய், எனக்குத் தெரியும். வாப்பாவுக்கு எழுத்தே தெரியாதே, எவனோ எழுதி அனுப்பியிருக்கிறான் என்பாய். அதனால் இதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நீ கணக்கில் தோற்ற அன்று, அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு பேரும் இரயிலடியில் சோறும் பருப்பும் கலந்த குஷரி தின்றோம். காரத் தண்ணீரை அதன்மேல் வேண்டுமென்றே அள்ளி ஊற்றிக்கொண்டு அழுதாய். கண் சிவந்ததற்குக் காரம்தான் காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். இது அவளுக்கும் தெரியாது, ஃபத்ஹிக்கும் தெரியாது.

அல்லாஹ் உன் கண்ணுக்கு ஒளியையும் காலுக்கு நல்ல வழியையும் தரட்டும். என்னைப் பற்றி இனி யார் எது சொன்னாலும் அவனிடம் கேட்காதே, இவளிடம் கேட்காதே. இந்தப் பெருநாளுக்கு வந்து என்னிடமே கேள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

உன் வாப்பா,
அப்துல் மவ்ஜூத்