நாற்பத்தொன்றாவது பெயர்

அச்சன்புதூர்,
ஆடி 7.

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம், புனேயில் உனக்குச் சளி விட்டதா என்று எழுது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, சாரல் இங்கே வரைக்கும் அடித்துத் துணி காயாமல் உயிரை எடுக்கிறது. விட்டுவிடு அம்மா, எதற்கு வம்பு என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் விடவில்லை.

அப்பா போன பிறகு இரண்டு வருடமாக இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நம் வீட்டு வரியை வாங்கிக்கொண்டு நோட்டீஸில் மட்டும் பெயரை விட்டுவிட்டார்கள், ஆண் பிள்ளை இல்லாத வீடாம். அம்மன் மட்டும் ஆணா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. இந்த வருடம் அந்த நோட்டீஸ் வேலை தென்காசியில் நான் வேலை பார்க்கும் ரூபியின் டிடிபி கடைக்கே வந்து சேர்ந்தது. ஐம்பது வயதில் இவளுக்குக் கம்ப்யூட்டர் கேட்கிறதா என்று சிரித்தார்களே, அவர்களே கொண்டுவந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பக்கத்தில் ஒட்டினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது, அதை எங்கள் எழுத்துருவுக்கு மாற்றி, அம்மன் படத்தை மேலே வைத்து, முதல் நாள் கால்நாட்டு, குற்றாலத் தீர்த்தம், நள்ளிரவுச் சாமக்கொடை என்று நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, கீழே வரிதாரர்களைப் பத்திக்கு முப்பத்திரண்டு பேராக மூன்று பத்தியில் அடுக்கினேன்.

புரூப் பார்க்கக் கமிட்டித் தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சி வந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் தாள் அச்சகத்துக்குப் போகாது. என் பெயரையும் போடுகிறேன் என்றேன். "நோட்டீஸ்ல எடம் இல்ல தாயி. தொண்ணூத்தாறு பேரே நெருக்கிக்கிட்டு நிக்குதாவ, ஒன்னைய எங்கன போட?" என்றார். "எடத்த நான் உண்டாக்குதேன் அண்ணாச்சி, இப்பிடி உக்காருங்க" என்றேன். எழுத்தின் அளவைத் தொடவில்லை, பெயருக்கும் பெயருக்கும் நடுவே இருந்த இடைவெளியை மயிரிழை குறைத்தேன், அவ்வளவுதான். பத்திக்கு ஓர் ஆள் கூடுதலாகப் பிடித்தது. அப்பா பெயர் இருந்த நாற்பத்தொன்றாவது இடத்தில் செ. மூக்கம்மாள் என்று அடித்தேன். கடைசியில் தனியாகச் சின்ன எழுத்தில் போடலாமே என்று இறங்கி வந்தார். முடியாது என்றேன். கடையநல்லூரில் கொடுத்து அடித்துக்கொள்கிறேன் என்று எழுந்தார், தாராளமாகப் போங்கள், வெள்ளிக்கிழமை கால்நாட்டு, அதற்குள் நோட்டீஸ் வீடு வீடாகப் போக வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும் என்றேன். திரும்ப உட்கார்ந்து தன் பெயர் இருக்கிறதா, எழுத்து சிறுத்துவிட்டதா என்று விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே தாளை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மிச்சம் இரண்டு இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நம் தெருவில் நம்மைப் போலவே பெயர் விடுபட்ட வீடு இன்னும் இரண்டு இருக்கிறது, அவர்களும் பார்க்கட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. அம்மன் உனக்குத் துணை இருப்பாள். நோட்டீஸ் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், தேதியைப் பார்த்து இன்றைக்கே லீவு சொல்லிவிடு. வரிதாரர் வீட்டுப் பிள்ளை கொடைக்கு வராமல் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
செ. மூக்கம்மாள், வரிதாரர்.